இல்லமும் உள்ளமும்: சாரம் கட்டுகிறவனின் மனச்சாட்சி



இம்மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று மன்னவனூரிலிருந்து வந்திருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால், மேல்பழனி மலையின் மடியில் அச்சிற்றூரை அடையலாம். பரந்த புல்வெளியும், ஏரியும், 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும், படிப்படியாகச் சரிவில் இறங்கும் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் நிலங்களும் அவ்வூருக்கு அழகு செய்வன. மடலை எழுதியவர் அவ்வூரில் வாழும் ஒரு தாய். பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம்.

அவருடைய மூத்த மகன் ஆறு ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் சாரம் கட்டும் வேலை செய்து வருகிறான். இப்போது இரண்டு மாத விடுமுறையில் வீடு வந்திருக்கிறான். திரும்பிச் சென்றதும் அவன் உயர்நிலைச் சாரப் பாதுகாப்புத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். தேறினால் பத்துப் பேருக்குத் தலைமைத் தொழிலாளியாக உயர்வான், ஊதியமும் கூடும். இதற்கிடையே நண்பன் ஒருவன் கைப்பேசி வழியாக இருநூறு வினாக்களையும் அவற்றின் விடைகளையும் விலைக்கு அனுப்பியிருக்கிறான். பையன் இரவெல்லாம் விழித்திருந்து, முதல் வினாவுக்கு இரண்டாம் விடை, அடுத்ததற்கு நான்காம் விடை என்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். தகப்பனாரோ, நிலத்தின்மேல் வாங்கிய கடன் தீர வேண்டுமாதலால், எப்படியாவது தேறி வந்தால் போதும் என்கிறார்.

தாயார் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். இவ்வாறு விடைகளை விலைக்கு வாங்கிப் படிப்பது பாவமா? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாம் மகனுக்கு எவ்வகையில் உதவ முடியும்? 

இவ்விரண்டும் அந்த ஒரு குடும்பத்தின் கேள்விகள் மட்டுமல்ல. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கட்டட வேலை செய்யும் பிள்ளைகள் நம் பங்குகள் பலவற்றிலும் இருக்கின்றனர். ஆதலின் இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

புனித வின்சென்ட் பெரரைப் பற்றி மரபுவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1350-ஆம் ஆண்டு வலென்சியா நகரில் பிறந்து, 1419-இல் மரித்த இந்தச் சாமிநாதர் சபைத் துறவி பல புதுமைகளைச் செய்தவர். அவை மிகுதியாகவே, மடத்துத் தலைவர் இனி உத்தரவின்றிப் புதுமை செய்யலாகாது என்று அவருக்குத் தடை விதித்தாராம். ஒரு நாள் கொத்தனார் ஒருவர் உயரமான சாரத்திலிருந்து தவறி விழுந்தார். அதைக் கண்ட புனிதர், தலைவரிடம் உத்தரவு பெற்று வரும்வரை அங்கேயே நிற்கும்படி அவருக்குச் சொல்லிவிட்டு மடத்துக்கு ஓடினாராம்; கொத்தனாரும் அந்தரத்தில் காத்து நின்றாராம். உத்தரவு கிடைத்த பின் அவர் மெல்லத் தரையிறங்கினார் என்று கதை முடிகிறது. கட்டடத் தொழிலாளரின் பாதுகாவலராகவும் இப்புனிதர் போற்றப்படுகிறார்.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால் நம் பிள்ளைகள் ஏறி நிற்கும் சாரங்களிலிருந்து விழுகிறவர்கள் அந்தரத்தில் நிற்பதில்லை. மூன்று மாடி உயரத்திலிருந்து தரையை அடைய ஒருவனுக்கு இரண்டு விநாடிகூட ஆவதில்லை. அவனைக் காக்கக்கூடியது, அவன் ஏறுவதற்கு முன்பே மற்றொருவன் செய்து வைத்த நேர்மையான வேலை ஒன்றே. அந்த மற்றொருவன்தான் சாரம் கட்டுகிறவன். அவனைச் சோதிக்கத்தான் தேர்வு வைக்கிறார்கள்.

நம் ஊர்களில் சாரம் என்றால் சவுக்குக் கழியும் மூங்கிலும் கயிறும் நினைவுக்கு வரும். பெரிய ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அவற்றுக்குப் பதிலாக 48.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள். கட்டடத்தை ஒட்டி நேராக எழும் சாதாரணச் சாரத்தைத் தொடக்கநிலைத் தொழிலாளி கட்டலாம். அந்தரத்தில் நீண்டு நிற்கும் சாரம், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் சாரம், மழைக்குத் தற்காலிகக் கூரை தாங்கும் சாரம், பளுவான பொருளை ஏற்றி வைக்கும் மேடை ஆகியவற்றை உயர்நிலைத் தேர்ச்சி பெற்றவனே கட்ட வேண்டும். அவற்றின் வரைபடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து முறையைத் தழுவிப் பல நாடுகளில் நடைபெறும் பயிற்சித் திட்டத்தில் தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் வைத்திருப்பது இதனால்தான்.

கட்டி முடித்த சாரத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். பச்சை அட்டை இருந்தால் சாரம் முழுமையானது, ஏறலாம் என்று பொருள். மஞ்சள் அட்டை இருந்தால் ஏதோ ஒரு குறையுண்டு, இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு வார் அணிந்து, குறித்த நிபந்தனைப்படியே ஏற வேண்டும். சிவப்பு அட்டை இருந்தால் எவரும் ஏறலாகாது. அட்டையில் தேதியும் கையொப்பமும் இருக்கும். அதன்பின் ஏறுகின்ற பற்ற வைப்பவரும், வர்ணம் பூசுகிறவரும், குழாய் பொருத்துகிறவரும் சாரத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அட்டையைப் பார்க்கிறார்கள், கையொப்பத்தை நம்பி ஏறுகிறார்கள். மன்னவனூர்த் தாயின் மகன் அடைய விரும்பும் பதவி, நாளை அக்கையொப்பத்துக்குப் பொறுப்பேற்கும் பதவியாகும்.

இனி அவருடைய முதற் கேள்விக்கு வருவோம்.

விலைக்கு வாங்கிய விடைத்தாள் முதலாவதாகப் பயனற்றது. காரணம், பாதுகாப்பு விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மேடையின் ஓரத்தில் அமைக்கும் மேல் தடுப்புக் கம்பி குறைந்தது 950 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. அமெரிக்க விதியோ 38 அங்குலம் முதல் 45 அங்குலம் வரை என்கிறது. இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ விழக்கூடிய உயரமுள்ள சாரத்தை ஏழு நாள்களுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்பது இங்கிலாந்து முறை. ஒவ்வொரு வேலை நேரமும் தொடங்குமுன் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க முறை. நம் நாட்டிலோ இந்தியத் தர விதி 3696 சாரத்துக்கென்றே வகுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கம்பெனியின் தேர்வு எந்த விதியைத் தழுவியது என்பதை அறியாமல் மனப்பாடம் செய்தவன், சரியான வினாவுக்குத் தவறான விடையை உறுதியோடு எழுதுவான். அதைவிட மோசமாக, அதே தவறான அளவில் சாரத்தையும் கட்டுவான்.

இரண்டாவதாக, அது பொய்ச்சாட்சியாகும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் சான்றிதழ் பெறுகிறவன், தன்னை நம்பி ஏறப்போகும் மனிதரிடம் முன்கூட்டியே பொய் சொல்கிறான். வகுப்புத் தேர்வில் பார்த்து எழுதிய மாணவன் பெரும்பாலும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். சாரம் கட்டுகிறவன் செய்யும் அதே தவறோ ஐந்தாம் கற்பனையின் வாசலில் வந்து நிற்கிறது. ஆகவே அந்தத் தாய்க்கு நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: ஆம் அம்மா, இது பாவந்தான், அதுவும் இலேசானதன்று. அந்தத் தாளை மகன் தன் கைப்பேசியிலிருந்து அழித்துவிடட்டும். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

இது மிகைப்படுத்திய கூற்று என்று எவரேனும் எண்ணினால், நடந்தவற்றுள் இரண்டை நினைவூட்டுகிறோம்.

1978-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்டு என்னுமிடத்தில், மின்நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. தொழிலாளர் நின்ற சாரம் தரையிலிருந்து எழுப்பப்படவில்லை. கோபுரத்தின் கான்கிரீட் சுவரிலேயே அது பிணைக்கப்பட்டிருந்தது; சுவர் உயர உயரச் சாரமும் உயரும். அன்று சாரத்தின் பாரத்தைத் தாங்கியது முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட். அது போதிய வலிமை பெற்றுவிட்டதா என்று சோதித்து உறுதி செய்யாமலேயே அடுத்த அடுக்குக்கான வேலையைத் தொடங்கினார்கள். மேற்பகுதி உரிந்து, சாரம் முழுவதும் சுற்றிலும் சரிந்தது. மேலே நின்ற 51 பேரும் மாண்டனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் அவர்களுள் இருந்தனர். கான்கிரீட் இறுகப் போதிய காலம் கொடுத்திருந்தால், அந்த 51 பேரும் அன்று மாலை வீடு திரும்பியிருப்பார்கள்.

மற்றது நம் மாநிலத்திலேயே நடந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், எண்ணூரில் அனல்மின் திட்டக் கட்டுமானத்தின்போது சாரம் சரிந்து 9 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் அஸ்ஸாம் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் பிள்ளைகள் எப்படிக் கடல் கடந்து பாலைவனத்துக்குச் செல்கிறார்களோ, அப்படியே அவர்களும் நம் கடற்கரைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் கடன் இருந்திருக்கும். அவர்களுக்கும் மாதந்தோறும் பணத்தை எதிர்பார்க்கும் தாய்மார் இருந்திருப்பர். அந்நிய நாட்டில் நம் மகனுக்காகச் செபிக்கும்போது, நம் ஊரில் சாரத்தின்மேல் நிற்கும் அந்நியன் மகனுக்காகவும் ஒருமுறை கை குவிக்க வேண்டாமா?

இத்தகைய விபத்துகளைக் கேட்கும்போது நம் வீடுகளில் உடனே எழும் சொல், விதி என்பது. கிறிஸ்தவர்களாகிய நாமும் அதையே சற்று மாற்றி, தேவசித்தம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றி நம் ஆண்டவர் பேசியதை லூக்கா தம் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் அங்கே மறுக்கிறார். உயிரோடிருப்பவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். செத்தவன் தலையெழுத்தை ஆராய்வதில் பயனில்லை. உயிரோடிருப்பவன் தன் வேலையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது தாயின் இரண்டாம் கேள்வி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் எவ்வாறு உதவுவது?

நம் விடை எளியது. அவர் மகனிடம் ஏன் என்று கேட்டால் போதும். மகன் தான் படித்ததைத் தாய்க்குத் தமிழில் விளக்கட்டும். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் அவனுக்கு விளங்கிவிட்டது என்று அறியலாம். சொல்ல முடியாமல் தடுமாறினால் அவ்விடத்தை மறுபடி படிக்க வேண்டும். இரவு செபமாலை முடிந்தபின் நாளுக்கு ஒரு மணி நேரம் இவ்வாறு அமர்ந்தால், இரண்டு மாதத்தில் பாடம் முழுவதும் இரண்டுமுறை முடிந்துவிடும்.

முதற் கிழமையில் சொற்கள். தேர்வில் ஆங்கிலப் பெயர்களே வருமாதலால் அவற்றை அவ்வாறே அறிய வேண்டும். நிமிர்ந்து நிற்கும் குழாய் ஸ்டாண்டர்டு. நீளவாக்கில் அவற்றை இணைப்பது லெட்ஜர். அகலவாக்கில் குறுக்கே அமர்ந்து பலகையைத் தாங்குவது டிரான்சம். மூலைக்கு மூலை சாய்வாகச் செல்வது பிரேஸ். சாரத்தைக் கட்டடத்தோடு பிணைப்பது டை. குழாயோடு குழாயைப் பற்றும் இரும்புப் பிடி கப்ளர். நிமிர்ந்த குழாயின் பாதத்தில் வைக்கும் இரும்புத் தகடு பேஸ் பிளேட். மண்ணில் அதன் கீழே இடும் மரப்பலகை சோல் போர்டு. மேடையின் ஓரத்தில் மனிதன் விழாமல் காப்பது கார்டு ரெயில். சுத்தியலோ செங்கல்லோ உருண்டு கீழே செல்பவன் தலையில் விழாமல் காக்கும் விளிம்புப் பலகை டோ போர்டு.

அடுத்து, ஒவ்வொன்றும் எதற்காக என்னும் கேள்வி. இங்கே மலைநாட்டுத் தாய் எந்த ஆசிரியருக்கும் குறைந்தவரல்லர். பீன்ஸ் கொடிக்கு ஊன்றும் கம்புகளில் நான்கை எடுத்து, மூலைகளை நூலால் கட்டி, ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து படுத்துவிடும். ஐந்தாவது கம்பை மூலைக்கு மூலை குறுக்கே கட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையாது. பிரேஸ் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் கற்பிக்காது. இனி எந்த அவசரத்திலும் அந்த ஐந்தாவது கம்பைக் கழற்ற மகனுக்கு மனம் வராது.

சரிவு நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அடித்தளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையில் ஊறிய மண்ணில் ஊன்றிய கம்பு இறங்கும் என்பது அவர்கள் அறிந்ததே. ஒரு கால் இரண்டு விரற்கடை இறங்கினாலும் அதன் சுமை மற்றக் கால்களுக்கு மாறும். மேலே சாரம் சாயும். சோல் போர்டு அச்சுமையை அகலமான இடத்தில் பரப்புகிறது. செங்கல்லையோ உடைந்த கல்லையோ அதற்கு முட்டுக் கொடுப்பது தேர்விலும் தவறு, வேலையிலும் தவறு.

காற்றைப் பற்றியும் அப்படியே. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் கடந்தபோது கொடைமலையில் மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்கள் நாம். சாரத்தைச் சுற்றித் தார்ப்பாயோ வலையோ கட்டிவிட்டால் அது கப்பலின் பாயைப் போல் காற்றை வாங்கும். அப்போது சாரத்தைக் கட்டடத்தோடு பிடித்து வைத்திருப்பது டை மட்டுமே. பூச்சு வேலைக்காரர் தமக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு டையைக் கழற்றிவிடுவதுண்டு. கழற்றியதை எவருக்கும் சொல்வதில்லை. ஆகவே புயற்காற்றுக்குப் பின்னும், பெருமழைக்குப் பின்னும், பிறர் கை வைத்ததற்குப் பின்னும் சாரத்தை மறுபடி சோதிக்காமல் பச்சை அட்டை தொங்கலாகாது.

அதன்பின் கணக்கு. பலரும் அஞ்சுவது இதற்கே. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மேடையின் நீளம் 2 மீட்டர், அகலம் 1.25 மீட்டர், ஆகப் பரப்பு 2.5 சதுர மீட்டர். பொதுவேலைச் சாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் தாங்கும். அதாவது ஏறக்குறைய 200 கிலோ. எனவே அம்மேடை தாங்குவது 500 கிலோ. கருவிகளோடு இரண்டு கொத்தனார்கள் 160 கிலோ; இரண்டு சட்டிக் கலவை 60 கிலோ. மீதம் 280 கிலோ. ஒரு செங்கல் 3 கிலோ என்றால் 93 செங்கல்லுக்கு மேல் அங்கே ஏற்றலாகாது. வேலை விரைவாக நடக்கட்டும் என்று இருநூறு செங்கல்லை ஒரே இடத்தில் அடுக்குகிறவன் மேடைக்குக் கீழே நிற்கிறவனை நினைக்கவில்லை. மூட்டை எடை போட்டுப் பழகிய வீட்டில் இக்கணக்கு ஒரு மாலைப் பொழுதின் வேலை.

பாதுகாப்பு வாரைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வார் அணிந்திருப்பதாலேயே தப்பிவிடலாம் என்று பலர் நம்புகின்றனர். கயிற்றின் நீளம் 2 மீட்டர். விழும் அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி விரிந்தால் மேலும் 1.75 மீட்டர், தொங்குகிறவன் பாதம்வரை 1.5 மீட்டர், காப்பு இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெளி இல்லையென்றால், கயிறு இழுத்துப் பிடிக்குமுன் தரை வந்துவிடும். ஆகவே கொக்கியைக் காலடியில் மாட்டாமல் இயன்றவரை தலைக்கு மேலே மாட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. விழுந்து வாரில் தொங்குகிறவனை வெகுநேரம் அப்படியே விட்டால், கால்களில் குருதி தேங்கி உயிருக்கே ஆபத்து நேரும். அவனை விரைவாக இறக்குவது எப்படி, யார் இறக்குவது என்பதை வேலை தொடங்குமுன்பே தீர்மானித்திருக்க வேண்டும். தேர்வில் இதைக் கேட்பார்கள்; கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சாய்ந்திருக்க வேண்டும், மேடைக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டிருக்க வேண்டும், தலைப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பன போன்ற சிறு விதிகளைப் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அவற்றுக்கு மேல் விரிக்க இங்கே இடமில்லை. தேர்வு எந்த நாட்டு விதிப்படி நடக்கிறதோ, அந்த விதிப்புத்தகத்தைக் கம்பெனியிடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்வது முதல் வேலை.

இவ்வளவும் மகன் செய்ய வேண்டியவை. பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது; அதுவே இவை எல்லாவற்றிலும் கடினமானது.

தேர்வில் தேறித் தலைமைத் தொழிலாளியான பிறகு அவனுக்கு ஒரு நாள் வரும். சாரம் முடியவில்லை, டை இரண்டு குறைகிறது, மேலாளர் வந்து, பச்சை அட்டையைத் தொங்கவிடு, நாளை சரி செய்துகொள்ளலாம் என்பார். விதிப்படி, அபாயம் கண்ட இடத்தில் வேலையை நிறுத்துவது அவன் கடமை. ஆனால் மறுத்தால் வேலை போகலாம் என்பதையும் அவன் அறிவான். அந்தக் கணத்தில் அவன் மனக்கண்முன் எது வந்து நிற்கும்? ஊரிலுள்ள கடனா, மேலே ஏறப்போகும் பத்துப் பேரா? 

இவ்வினாவுக்கான விடை அவனிடம் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. எப்படியாவது என்று தகப்பனார் சொல்லும் ஒரு சொல், ஆயிரம் மைல் கடந்து சென்று அந்தக் கையொப்பத்தை இட வைக்கும். அதற்கு மாறாக, நீ நேர்மையாக நின்றதால் வேலை போனால் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா, பூண்டு விதைத்துக் கடனைச் சிறுகச் சிறுக அடைப்போம் என்று பெற்றோர் அவன் புறப்படுமுன் சொல்லி அனுப்பினால், அந்த மகன் தைரியமாக இல்லை என்று சொல்வான். கடன் எவ்வளவு பாரம் என்பதை நாம் அறியாமல் எழுதவில்லை. ஆயினும் பிள்ளையின் மனச்சாட்சியை அடகு வைத்து மீட்கும் நிலத்தில் என்ன விளையும்?

முதல் முறை அவன் தேறாமலும் போகலாம். அப்போது அவனை எவரும் ஏளனமாகப் பேச வேண்டா. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தோற்றவன், மறுபடி படித்து எழுதலாம். தெரியாமலே தேறியவன் தோற்கும் நாளில் அவனோடு பிறரும் விழுவர்.

திருச்சபை இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடல்நலத்துக்கு ஊறு விளைக்காத வேலைச் சூழல் தொழிலாளரின் உரிமை என்று வலியுறுத்தினார். நம் நாட்டிலும் கட்டடத் தொழிலாளரின் பாதுகாப்புக்காக 1996-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; பின்னர் அது 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடக்கப்பட்டது. வேலை கொடுப்பவர்களின் கடமை இதனால் குறைந்துவிடவில்லை. நல்ல குழாயும் பலகையும் போதிய நேரமும் கொடுக்காமல், தேர்வில் தேறியவன் தலையில் பொறுப்பை ஏற்றிவிட்டு ஒதுங்கும் முதலாளி கடவுளுக்குக் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முற்பட்ட ஒரு கட்டளை வேதாகமத்தில் இருக்கிறது. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், எட்டாம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும். அமைக்காமல் எவனேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. ஆண்டவர் தம் மக்களுக்கு ஆலயத்தைப் பற்றியும் பலிகளைப் பற்றியும் கட்டளை கொடுத்த அதே நூலில், மாடியின் கைப்பிடிச் சுவரைப் பற்றியும் கட்டளை கொடுத்திருக்கிறார். தடுப்புக் கம்பியைச் சரியான உயரத்தில் பூட்டி, கப்ளரை ஒருமுறை கை வைத்து அசைத்துப் பார்க்கும் தொழிலாளி, தான் அறிந்தோ அறியாமலோ அக்கட்டளையை நிறைவேற்றுகிறான்.

மன்னவனூர்த் தாயே, உம்முடைய மகனின் தேர்வுக்காக நாசரேத்துத் தச்சரிடம் வேண்டிக்கொள்ளும். அவன் தேற வேண்டுமென்று வேண்டுவதோடு, அவன் கட்டும் சாரத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் மாலையில் இறங்கி வர வேண்டுமென்றும் வேண்டிக்கொள்ளும். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவனை அருகில் உட்கார வைத்து, பீன்ஸ் கம்புகள் ஐந்தை அவன் கையில் கொடும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் இப்பக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆண்டவர் அருள் கூர்ந்தால் அடுத்த மாதம் சந்திப்போம்.